உள் சர்வீஸ் ஒன்றுக்கு எந்தப் பெயர் பொருந்தும்? இ-இன்வாய்ஸ் அனுப்பும் கூறு குறித்து ஆலோசனை தேவை

பங்சார்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் இயங்கும் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் மென்பொருள் குழுவில் பணிபுரிகிறேன். பூட்டு, குழாய், பெயிண்ட் போன்ற கட்டுமானப் பொருட்களைப் போர்ட் கிள்ளான் வழியாக இறக்குமதி செய்து, கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள கிளைகளில் விற்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். பில்களை வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பி ஒப்புதல் பெறும் இ-இன்வாய்ஸ் நடைமுறை மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுடன் தொடங்கியது. 2025 ஜனவரி 1-இல் 2.5 கோடி வெள்ளிக்கு மேற்பட்டவர்களும், அதே ஆண்டு ஜூலை 1-இல் 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்டவர்களும் அதற்குள் வந்தார்கள்; எங்கள் முறையும் அப்படித்தான் வந்தது. அப்போது கணக்கு மென்பொருளுக்குள்ளேயே எழுதிச் சேர்த்த நிரலை இப்போது தனியே ஓடும் கூறாக, அதாவது தனி சர்வீஸாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். நிரல் பெரும்பாலும் தயாராகிவிட்டது. பெயரில்தான் குழு ஒன்றுபடவில்லை.

அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிளைகளிலிருந்தும் தலைமையகத்திலிருந்தும் வரும் பில்களை வாங்கி, வாங்குபவரின் வரி அடையாள எண் சரியானதா என்று பார்த்து, எல்எச்டிஎன் (மலேசிய உள்நாட்டு வருவாய் வாரியம்) கேட்கும் யுபிஎல் 2.1 என்ற பில் வடிவத்திற்கு ஜேசன் எனும் உரைக்கோப்பாக மாற்றி, மின்கையொப்பமிட்டு, அவ்வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தின் ஏபிஐ-க்கு (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் நுழைவாயில்) அனுப்புகிறது. அங்கிருந்து முடிவு உடனே வருவதில்லை. பெற்றுக்கொண்டோம் என்ற பதில்தான் முதலில் வரும். ஆகவே பிறகு கேட்டுக் கேட்டு முடிவை அறிந்து, ஏற்கப்பட்டிருந்தால் கியூஆர் குறியீட்டுக்கான இணைப்பை உருவாக்கிப் பில்லில் சேர்க்கிறது. 72 மணி நேரத்திற்குள் ரத்து செய்ய வேண்டியவற்றையும் அதுவே கவனிக்கிறது. இ-இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாத முடிவில் ஒன்றாகத் திரட்டி, அடுத்த ஏழு நாட்களுக்குள் ஒரே ஆவணமாக அனுப்பும் வேலையும் இப்போதைக்கு அதற்குள்தான் இருக்கிறது.

முன்மொழியப்பட்ட பெயர்கள் நான்கு. மேலாளருக்கு 'இன்வாய்ஸ் மேனேஜர்' பிடித்திருக்கிறது. மூத்த சக ஊழியர் ஒருவர் 'மைஇன்வாய்ஸ் கனெக்டர்' என்கிறார். 'இ-இன்வாய்ஸ் ஹப்' என்பது கணக்குப் பிரிவிலிருந்து வந்த யோசனை. இளைய நண்பர் ஒருவருக்கு எல்லாச் சர்வீஸ்களுக்கும் பறவைப் பெயர் வைக்க ஆசை. இதற்குப் 'பருந்து' என்று வைக்கலாம் என்கிறார். எதையும் அடியோடு தள்ளிவிட முடியவில்லை, எதையும் மனமார ஏற்கவும் முடியவில்லை. எந்தப் பெயர் என்று நீங்கள் சொன்னால் மகிழ்ச்சி. ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று சொன்னால் அடுத்தடுத்த சர்வீஸ்களுக்கும் உதவும்.

பாயான் லெப்பாஸ்காரர் எழுதியது:

வணக்கம் தம்பி. பினாங்கில் தொழிற்சாலை மென்பொருளிலும் பிறகு கணக்கு மென்பொருளிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். நான்கு பெயர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். இந்தச் சர்வீஸ் நாளைக்கு இல்லாமல் போனால், அலுவலகத்தில் யாருடைய எந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகும்? அந்த வாக்கியத்தில் 'அத்துடன்', 'மேலும்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், பெயர் கிடைக்காததற்குக் காரணம் உங்கள் சொல்வளக் குறைவு அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களை ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு மூன்று வேலைகள் தெரிகின்றன. ஒவ்வோர் ஆவணமும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அடுத்த நிலைக்கு நகர்த்துவது ஒன்று. மைஇன்வாய்ஸின் மொழியில் பேசுவது, அதாவது வடிவமாற்றம், கையொப்பம், டோக்கன் எனும் நுழைவு அனுமதி வாங்குவது, ஒரு முறைக்கு 100 ஆவணங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை இன்னொன்று. மாத முடிவில் விற்பனையைத் திரட்டுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலை விற்பனையைப் பற்றியது. எதைத் திரட்டலாம், எதைத் திரட்டக் கூடாது என்பதைப் பில்லிங் பகுதிதான் அறியும். அதை அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

'மேனேஜர்' என்ற சொல்லை நான் வலுவாக எதிர்க்கிறேன். ஒரு பெயர் நல்லதா என்று பார்க்க, அதற்குள் எது வரக் கூடாது என்று அந்தப் பெயரிலிருந்தே தெரிகிறதா என்று கேட்டால் போதும். 'இன்வாய்ஸ் மேனேஜர்' என்ற பெயர் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தள்ளுபடிக் கணக்கு, நிலுவை நினைவூட்டல், பிடிஎஃப் அச்சு என்று இன்வாய்ஸோடு தொடர்புடைய எல்லாமே அங்கே வந்து சேரும். சேர்ப்பவர்மீது குற்றம் சொல்லவும் முடியாது, பெயரே அழைக்கிறது. 'ஹப்' என்பதும் அப்படித்தான்.

வெளி அமைப்பின் பெயரைச் சுமப்பது பற்றி நம் நாட்டிலேயே கண்ணெதிரே ஒரு பாடம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. 2018 ஜூன் 1-இல் அது பூஜ்ய விழுக்காடானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. நான் முன்பு பணிபுரிந்த ஓர் இடத்தில் வரி கணக்கிடும் பகுதிக்கு 'ஜிஎஸ்டி கால்குலேட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டம் மாறியபோது உள்ளே இருந்த கணக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். 2024 மார்ச் 1-இல் சேவை வரி பல சேவைகளுக்கு 6-இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, தொலைத்தொடர்பு போன்ற சில மட்டும் 6-இலேயே நின்றன. அந்த மாற்றத்தைச் செய்யப் பணிக்கப்பட்ட புதியவர் நிரல் முழுவதும் 'எஸ்எஸ்டி' என்று தேடி, கிடைத்த இடங்களையெல்லாம் ஒழுங்காக மாற்றினார். 'ஜிஎஸ்டி' என்றிருந்த பகுதியைச் செத்துப்போன நிரல் என்று நினைத்துத் தொடவில்லை. அவர் நினைத்தது முற்றிலும் நியாயமானது. ஆனால் உயிரோடு இருந்தது அந்தப் பகுதிதான். பல பில்கள் பழைய விழுக்காட்டிலேயே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தன.

இதனால் வெளிப்பெயரே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மைஇன்வாய்ஸோடு பேசுவதைத் தவிர வேறெதையும் செய்யாத ஒரு மெல்லிய பகுதி இருந்தால், அதற்கு 'மைஇன்வாய்ஸ் அடாப்டர்' என்பதே மிகச் சரியான பெயர். எல்எச்டிஎன் ஏபிஐ-யை மாற்றினால் அந்தப் பகுதி மாறும். அந்தத் தளமே போய்விட்டால் அந்தப் பகுதியும் போகும். பெயரும் பொருளும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் மறைவதால் அங்கே பொய்க்கு இடமில்லை. ஆவணத்தின் நிலையை நினைவில் வைக்கும் பகுதியோ உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதற்கு உங்கள் நிறுவனத்தில் வழங்கும் சொல்லிலிருந்துதான் பெயர் வர வேண்டும்.

செந்தூல் நிரலர் எழுதியது:

பாயான் லெப்பாஸ் ஐயா சொன்ன பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் பறவைப் பெயருக்காக யாரும் பேசாமல் போவது சரியில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

வேலையைச் சொல்லும் பெயர், வேலை மாறியவுடன் பொய்யாகிவிடும். மேலே சொன்ன ஜிஎஸ்டி கதையும் அதைத்தான் காட்டுகிறது. பருந்து என்ற பெயர் எதையும் வாக்களிக்காததால் எப்போதும் பொய்யாகாது. இன்னொரு பயன், தேடும்போது கிடைப்பது. 'இன்வாய்ஸ்' என்று லாகில் (சர்வீஸ்களின் இயக்கப் பதிவில்) தேடினால் ஆயிரக்கணக்கான வரிகள் வரும். 'பருந்து' என்று தேடினால் அந்தச் சர்வீஸ் மட்டும் வரும். கூட்டத்தில் பேசும்போதும் ஒற்றைச் சொல் நாவில் எளிதாக உட்காருகிறது. இது புதிய எண்ணமும் அல்ல. 1990-இல் டான் லிப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178 என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்பு, கணினிகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றியே தனியாகப் பேசுகிறது. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பெயர்களைத் தேர்ந்தெடுங்கள் என்றும், அந்தக் கணினிக்கு மட்டும் உரிய திட்டத்தின் பெயரை அதற்கு வைக்காதீர்கள், திட்டம் மாறிவிடும் என்றும் அது சொல்கிறது.

ஆனால் கருப்பொருள் பெயர் வைப்பதென்றால், குழுவில் எல்லாராலும் ஒரே மாதிரி எழுத முடிகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். எங்கள் குழுவில் மலாய்க்காரர்களும் சீனர்களும் நாமும் கலந்தே இருக்கிறோம். பருந்தை ரோமன் எழுத்தில் எழுதச் சொன்னால் நம்மிலேயே ஒருவர் 'டிஹெச்' போடுவார், மற்றொருவர் 'டி'-க்குப் பின் ஏதுமின்றி விடுவார், வேறொருவர் டகரத்துக்குரிய இன்னோர் எழுத்தைப் போடுவார். தமிழ் தெரியாத சக ஊழியர் எதை நம்பித் தேடுவார்? தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. மலர், மணி போல எழுத்துக்கூட்டலில் தகராறு வராத சொற்கள் நிறையவே இருக்கின்றன, அவற்றிலிருந்து எடுக்கலாம்.

பாயான் லெப்பாஸ்காரர் எழுதியது:

எழுத்துக்கூட்டல் பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. நான் அதை விட்டுவிட்டேன், நீங்கள் எடுத்துச் சொன்னது நன்று. இருந்தாலும் ஆர்எஃப்சி 1178-ஐ இங்கே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆவணம் பேசுவது கணினியைப் பற்றி. ஒரு கணினி இன்று அஞ்சல் சேவையகமாக இருக்கும், அடுத்த ஆண்டு அச்சுப்பொறிகளைக் கவனிக்கும். இரும்புப் பெட்டி அதே பெட்டிதான். ஆகவே வேலையோடு தொடர்பில்லாத பெயர் அதற்குப் பொருந்துகிறது. சர்வீஸுக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. அதன் வேலையை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. வேலை முழுவதும் மாறிவிட்டதென்றால் அது வேறு சர்வீஸ். அதற்கு வேறு பெயர் வைப்பதே நேர்மை.

வெளியே போகும் பொருட்களுக்கு நிலைமை வேறு. சர்வீஸ்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸை 2014-இல் கூகுள் வெளியிட்டபோது அதற்குத் தனித்த பெயர் வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் அது. மொசில்லா தன் உலாவிக்கு முதலில் வைத்த ஃபீனிக்ஸ் என்ற பெயரை வணிகக்குறிச் சிக்கலால் 2003-இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றியது. ஏற்கெனவே அதே பெயரில் இருந்த தரவுத்தளத் திட்டத்தினர் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு கூறுக்கு வணிகக்குறியும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். அடுத்த மாதம் வேலைக்குச் சேரும் ஒருவர், எல்எச்டிஎன் நிராகரித்த பில் எங்கே நிற்கிறது என்று பார்க்க எந்த ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தை, திறக்க வேண்டும் என்பதைப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிட வேண்டும். பத்துப் பறவைகளின் பெயர் இருக்கும் பட்டியலில் அவர் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கப்பட வேண்டியவர் விடுப்பில் இருந்தால் அன்றைய வேலை நின்றுவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் இரவுப்பணி எழுதியது:

நான் நிரல் எழுதுபவன் அல்லன். சர்வீஸ்கள் விழுந்தால் எழுப்பும் பணியில் இருப்பவன். பெயரை அதிகாலை இரண்டு மணிக்குக் கைப்பேசித் திரையில் படிப்பவனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நீளத்தைப் பாருங்கள். குபெர்னெட்டிஸில் ஒரு சர்வீஸின் பெயர் 63 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு தவிர வேறெதுவும் ஏற்கப்படாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அட்டவணைப் பெயர் 63 பைட்டைத் தாண்டினால் பிழை காட்டாமல் ஓர் அறிவிப்போடு வாலை வெட்டிவிடும். கோரிக்கைகளைப் பல சேவையகங்களுக்குப் பகிரும் அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்ஸருக்கு 32 எழுத்துதான். லினக்ஸ் கர்னல் ஒரு செயல்முறையின் பெயரில் முதல் 15 எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி எல்லையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் நிறுவனத்தின் பெயரையும் துறையின் பெயரையும் ஒட்டிவைத்தால், இயங்கும் செயல்முறைகளைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளையில் வரிசையாக ஒரே பெயர் தெரியும்; எது நினைவகத்தைத் தின்கிறது என்று கண்டறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ஆகவே நிறுவனப் பெயரை முன்னால் ஒட்டாதீர்கள். வேறுபடுத்தும் சொல் முதலில் வரட்டும்.

அடுத்தது, எந்தப் பெயரை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பது. ரெப்போவின் பெயரை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். நிரலுக்குள் இருக்கும் கிளாஸின் பெயரை எடிட்டரே மாற்றித் தரும். ஆனால் சர்வீஸ்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்காவில் உருவாக்கிய டாபிக் எனும் செய்தி வரிசையின் பெயரை மாற்ற வழியில்லை. அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் உள்ள பக்கெட்டையும் அப்படித்தான். புதிதாக ஒன்றை உருவாக்கி, தரவை நகர்த்தி, எழுதுபவர்களையும் படிப்பவர்களையும் ஒருவர் பின் ஒருவராக இடம் மாற்ற வேண்டும். இன்னும் மோசம், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத பிறர் பயன்படுத்தத் தொடங்கிய பெயர். இணையப் பக்கங்களைக் கடத்தும் ஹெச்டிடிபி நெறிமுறையில், பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் தலைப்பின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945-இல் அந்தப் பிழையோடே பதிவானது. இன்றுவரை எல்லா உலாவிகளும் அந்தப் பிழையான எழுத்துக்கூட்டலையே அனுப்புகின்றன.

இதனால் நான் எங்கள் குழுவிடம் எப்போதும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. டாபிக்குக்கு அதை எழுதும் சர்வீஸின் பெயரை வைக்காதீர்கள், நடந்த நிகழ்வின் பெயரை வையுங்கள். 'இ-இன்வாய்ஸ் ஏற்கப்பட்டது' என்பது அடுத்த ஐந்தாண்டுகளிலும் நடக்கும் நிகழ்வு. அதை அறிவிக்கும் சர்வீஸ் எதுவென்பது இடையில் மாறலாம். அப்படிச் செய்துவிட்டால், நீங்கள் இப்போது வைக்கும் சர்வீஸ் பெயர் பின்னாளில் பொருந்தாமல் போனாலும் மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. நீண்ட விவாதத்தை மாற்ற முடியாத பெயர்களுக்கு ஒதுக்குங்கள்.

பங்சார்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன வாக்கியத்தைக் குழுவாக உட்கார்ந்து எழுதினோம். 'ஒவ்வொரு பில்லும் எல்எச்டிஎன்னுக்குப் போய்ச் சேர்ந்து செல்லுபடியானதா, இல்லையென்றால் எங்கே ஏன் நிற்கிறது என்று கணக்குப் பிரிவுக்குச் சொல்வது' என்று வந்தது. மாத முடிவுத் திரட்டல் இந்த வாக்கியத்துக்குள் எப்படியும் நுழையவில்லை. அதைப் பில்லிங் பகுதிக்கே கொடுத்துவிட எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மைஇன்வாய்ஸ் அடாப்டர் தனியாகப் போகிறது. அந்தப் பெயரில் யாருக்கும் மறுப்பில்லை.

நடுவில் இருக்கும் பகுதிக்குத்தான் எங்கள் நிறுவனத்தின் சொற்கள் ஒவ்வொன்றாகத் தடை போடுகின்றன. வரி நிர்வாகம் முதலில் சரிபார்த்துத் தரும் இத்தகைய முறையைக் குறிக்கத் துறையில் வழங்கும் 'கிளியரன்ஸ்' என்ற சொல்லைச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் கிளியரன்ஸ் என்றால் போர்ட் கிள்ளானில் நிற்கும் கண்டெய்னருக்குச் சுங்கத்துறை அனுமதி வாங்குவது. நாள் முழுவதும் அந்தச் சொல் காதில் விழுகிறது. 'டெலிவரி' என்றால் லாரியும் டிஓ எனும் விநியோகச் சீட்டும். 'ஃபைலிங்' என்றால் எல்எச்டிஎன்னின் இ-ஃபைலிங், அது வருமான வரிக்குரியது. 'வேலிடேஷன்' என்று வைத்தால், உள்ளீட்டைச் சோதிக்கும் நிரல் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கெனவே அப்படித்தான் அழைக்கிறோம். 'ஹாசில்' (மலாயில் வருவாய், விளைவு) என்று சுருக்கமாக வைக்கலாமே என்றார் ஒருவர். மலாயில் நிரல் எழுதும் நண்பர்கள் ஒரு கணக்கின் விடையை வைக்கும் மாறிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 'டேக்ஸ் டாக்குமெண்ட்ஸ்' என்பதுதான் இப்போது முன்னணியில் இருக்கிறது. இன்வாய்ஸ் மட்டுமின்றிக் கிரெடிட் நோட், டெபிட் நோட், ரீஃபண்ட் நோட், நாமே விற்பவர் சார்பில் எழுதும் செல்ஃப்-பில்ட் வகைகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன என்பதால் 'இன்வாய்ஸ்' என்ற சொல் குறுகலாகத் தோன்றுகிறது.

பாயான் லெப்பாஸ்காரர் எழுதியது:

அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக உங்கள் அலுவலகத்தின் பேச்சோடு உரசிப் பார்த்தது மிகச் சிறந்த வேலை. பொதுவாக நல்ல சொல்லாக இருப்பது உங்கள் இடத்தில் கெட்ட பெயராகிவிடும் என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

'டேக்ஸ் டாக்குமெண்ட்ஸ்' எனக்கு அச்சமூட்டுகிறது. சுங்கத்துறைக்கு அனுப்பும் எஸ்எஸ்டி-02 படிவமும் வரி ஆவணம்தான். இறக்குமதிக்கான கே1 படிவமும் அப்படித்தான் என்று ஒருவர் வாதிடுவார். நீங்கள் இறக்குமதி நிறுவனம் என்பதால் அந்த வாதம் நிச்சயம் எழும். இன்னொரு பக்கம், எல்எச்டிஎன்னின் வழிகாட்டிகளில் கிரெடிட் நோட், டெபிட் நோட் உட்பட எல்லா வகையும் இ-இன்வாய்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. கணக்குப் பிரிவும் அப்படியே புரிந்துகொள்கிறது என்றால் 'இ-இன்வாய்ஸ்' குறுகலான சொல் அல்ல. சரியான அளவுள்ள சொல்.

இரண்டாம் பாதிக்குக் கணக்குப் பிரிவில் அமர்ந்திருப்பவர் காலையில் வந்தவுடன் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அவர் வாயில் வரும் வினைச்சொல்லே பெரும்பாலும் போதும்.

பங்சார்வாசி எழுதியது:

கேட்டுப் பார்த்தேன் ஐயா. கணக்குப் பிரிவில் மூத்தவரான அக்கா, 'நேற்றைய பில் எல்லாம் சப்மிட் ஆகிவிட்டதா, எது நிற்கிறது?' என்றுதான் கேட்கிறார். சப்மிட் என்றால் அவருக்கு அனுப்பிவிட்டது மட்டும் அல்ல, அங்கே ஏற்றுக்கொண்டதும் சேர்த்துத்தான். ஆகவே 'இ-இன்வாய்ஸ் சப்மிஷன்' என்று குழு ஏறக்குறைய முடிவு செய்திருக்கிறது. ஒரே ஓர் இடறல் மிச்சமிருக்கிறது. மைஇன்வாய்ஸ் ஏபிஐ-யில் 'சப்மிஷன்' என்பது ஒரு தடவையில் அனுப்பும் கட்டு. ஒரு கட்டுக்கு ஓர் அடையாளம், அதற்குள் இருக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் யுயுஐடி எனும் தனி அடையாளம், ஏற்கப்பட்ட பின் கியூஆர் இணைப்புக்காக இன்னொரு நீண்ட அடையாளம். நம் பில் எண்ணையும் சேர்த்தால் நான்கு அடையாளங்கள். இப்போதுள்ள அட்டவணையில் 'ஐடி', 'ஐடி2', 'ரெஃப்' என்றெல்லாம் நெடுவரிசைகள் இருக்கின்றன.

செந்தூல் நிரலர் எழுதியது:

சர்வீஸின் பெயரைவிட அந்த அட்டவணைதான் எனக்குக் கவலை தருகிறது. எல்எச்டிஎன் தரும் அடையாளங்களை அவர்கள் ஏபிஐ ஆவணத்தில் எழுதியிருக்கும் பெயரிலேயே, முன்னால் 'மைஇன்வாய்ஸ்' என்று சேர்த்து வையுங்கள். உங்கள் பில் எண்ணைப் 'பில் எண்' என்றே வையுங்கள். வெறும் 'ஐடி' என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. கட்டுக்கு உங்கள் பக்கத்தில் 'பேட்ச்' என்று பெயர் கொடுத்து, அவர்களின் 'சப்மிஷன்' என்ற சொல் அடாப்டரைத் தாண்டி உள்ளே வராமல் நிறுத்திவிட்டால், கணக்குப் பிரிவு அக்காவின் சொல் உங்கள் சர்வீஸுக்கு முழுமையாகக் கிடைக்கும். பறவைப் பெயர்களைக் குழுவின் சோதனைக் கணினிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்சி 1178 அங்கே இன்றும் நன்றாகப் பொருந்தும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் இரவுப்பணி எழுதியது:

'இ-இன்வாய்ஸ் சப்மிஷன்' ரோமன் எழுத்தில் இணைப்புக்கோட்டோடு எழுதினால் 15-ஐத் தாண்டும். ஆனால் முதல் 15 எழுத்துகளுக்குள் 'இ-இன்வாய்ஸ்' முழுவதும், 'சப்மிஷன்' என்பதன் தொடக்கமும் வந்துவிடுவதால் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியும். எனக்கு அது போதும். 'இ'-க்கும் 'இன்வாய்ஸ்'-க்கும் இடையே இணைப்புக்கோடு போடுவதா, சேர்த்தே எழுதுவதா என்பதை மட்டும் இன்றே முடிவு செய்து, ரெப்போ, டாபிக், அலெர்ட், டாஷ்போர்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் தொடக்கத்தில் நீங்கள் குழுவாக எழுதிய அந்த வாக்கியத்தையும், அதற்கு அடுத்த வரியில் 'மாத முடிவுத் திரட்டல் இங்கே இல்லை, பில்லிங்கில் பார்க்கவும்' என்பதையும் போட்டுவிடுங்கள். அலெர்ட் வரும் நேரத்தில் நான் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான்.